கரண்ட் இல்லாமல் ஓடும் மோட்டாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரால் டைனமோவைச் சுற்றி, அதில் வரும் கரண்டிலேயே மோட்டாரை ஓட்டி, அதே தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் கருவியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதைச் செய்த இளைஞரின் கைவேலை அருமை. ஆனால் 'ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும், கரண்ட் பில்லே வராது' என்ற வரியைச் சரிபார்க்காமல் போட்டிருக்கக் கூடாது. போர் போட்டுத் தண்ணீர் இறைக்கும் எங்கள் பக்கத்துக்காரர்கள் அதை நம்பி முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள ஆயிரம் லிட்டர் தண்ணீரின் நிலை ஆற்றல், அதாவது உயரத்தில் இருப்பதால் அதற்குள்ள ஆற்றல், சுமார் 98,000 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். தொட்டியை முழுசாகத் திறந்துவிட்டு, துளிகூட வீணாகாமல் பிடித்தாலும் 9 வாட் எல்இடி பல்பு மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைத் திரும்ப ஏற்றவோ அதே 98,000 ஜூலும் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். ஓடி நின்ற மோட்டாரின் மேல் கை வைத்தால் சுடுகிறதே, அந்தச் சூடு நாம் கொடுத்த மின்சாரத்திலிருந்து போனதுதான். பேரிங்கிலும் குழாயிலும் டைனமோவிலும் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிறது. ஆற்றல் அழிவதில்லை, சரி. ஆனால் காற்றில் கலந்த அந்தச் சூட்டைப் பிடித்து மறுபடி மோட்டாருக்குள் விட முடியாது.

எடைக்கல் இறங்க இறங்கத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழலும்படி வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840-களிலேயே ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் அளந்து இந்தக் கணக்கைக் காட்டிவிட்டார். அதற்கும் முன்னால், 1775-லேயே, தானே ஓடும் இயந்திரம் என்று யார் வந்தாலும் பரிசீலிப்பதில்லை என பாரிஸ் அறிவியல் கழகம் முடிவெடுத்தது.

அப்படியானால் உங்கள் நிருபர் பார்த்தபோது எப்படி ஓடியது? நீங்கள் போட்ட படத்திலேயே மூலையில், ஸ்டூலுக்கு அடியில், ஒரு பேட்டரி இருக்கிறது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியின் வேதி ஆற்றல் தீரும்வரை எதுவும் ஓடும்.

பேட்டரியையே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அங்கிருந்து விவரம் தெரிந்தவர் ஒருவரை அழைத்து உடன் வைத்துக்கொண்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிவு எதுவானாலும், அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தேவகோட்டை.