யானை தானாகத் திரும்பி வராது, மாமா

அன்புள்ள மாமா,

போன வாரம் போனில் நீங்கள் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறு தம்பி. சாமான் விலை இப்படியே கிடந்தால் சனம் வேறு எங்கே போகும்? 77இல் வந்த மாதிரி யானைக்குத்தான் வரும்" என்று உங்கள் யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிக்காகப் பேசினீர்கள். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அட்டனில் உங்களைப் போல நினைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கொழும்பில் இதே பேச்சை நிறையக் கேட்கிறேன். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் வைக்கிறேன். கோபிக்காதீர்கள்.

உங்கள் பேச்சில் 77 வராத நாள் இல்லை. சரி, அங்கிருந்தே தொடங்குவோம். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 151 ஆசனங்களில் 17. அதற்குப் பிறகு வந்த ஏழு வருடமும் எப்படி இருந்தது என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்: பாணுக்கு விடியப்புறம் வரிசை, சீனிக்குக் கூப்பன், ஒரு மாவட்டத்து அரிசியை அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோகவிடாமல் வீதியில் மறிப்பு. 73, 74இல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். 1977இல் அதே கட்சி 168இல் 140 ஆசனம் எடுத்தது. பஞ்சம் வந்தது, யானை வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்போலத்தான் தெரிகிறது.

ஆனால் நடுவில் இரண்டு விஷயத்தை நீங்கள் தாண்டிப் போகிறீர்கள். 1970இல் 17 ஆசனத்துக்குச் சுருங்கியபோதும் யானைக்கு விழுந்த வாக்கு கிட்டத்தட்ட 38 சதவீதம். ஆட்சியைப் பிடித்த சிறிமாவின் சுதந்திரக் கட்சி தனியாக எடுத்ததைவிட அது ஒரு சதவீதம் கூட! தொகுதிமுறைத் தேர்தல் என்பதால் ஆசனம் போயிற்று, ஆள் போகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் பச்சைக் கொடி வைத்திருந்த வீடு அப்படியே இருந்தது. 1956இல் எட்டு ஆசனத்துக்கு விழுந்தபோதும் அந்த வீடுகள் இருந்தன.

இரண்டாவது, ஜே.ஆர். ஜெயவர்தன சும்மா உட்கார்ந்து பஞ்சத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1973இல் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க இறந்த பிறகு கட்சியைக் கையில் எடுத்து, கிளைகளைத் திறந்து, உறுப்பினர் சேர்த்து, பரம்பரை வீட்டுப் பெரிய மனிதர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஊரில் ஓடியாடும் ஆட்களை வேட்பாளராக்கினார். அரசாங்கம் தன் ஆயுளை இரண்டு வருடம் நீட்டிக்கொண்டபோது, 1975இல் கொழும்பு தெற்கு ஆசனத்தை ராஜினாமா செய்து, இடைத்தேர்தலில் நின்று, பெரிய வித்தியாசத்தில் வென்று காட்டினார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. 77 ஆகஸ்டிலும் 83 ஜூலையிலும் அவர் ஆட்சியில் கலவரங்களில் தமிழர்களான நமக்கு நடந்தது தனிக் கணக்கு, அதை இந்தக் கடிதத்தில் திறந்தால் மூட முடியாது. ஆனாலும் தோற்ற கட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது 2020க்கு வாருங்கள். யானைக்கு நாடு முழுவதும் விழுந்தது 2 இலட்சத்து 49 ஆயிரம் வாக்கு, 2.15 சதவீதம். தேசியப் பட்டியலில் ஒரே ஒரு ஆசனம். தலைவர் ரணில் விக்ரமசிங்கவே கொழும்பில் தோற்றார். பத்து மாதத்துக்கு மேல் அந்த ஒரு ஆசனத்துக்கும் ஆள் அனுப்பாமல் வைத்திருந்து, கடைசியில் 2021 ஜூனில் ரணிலே போய் உட்கார்ந்தார். இதையும் 1970ஐயும் ஒரே மாதிரித் தோல்வி என்று சொல்வது சரியில்லை, மாமா. அன்றைக்கு வீடு இருந்தது, கதவுதான் பூட்டியிருந்தது. 2020இல் குடியிருந்தவர்களே சஜித் பிரேமதாசவோடு புதுக் கட்சிக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு 54 ஆசனம் கிடைத்ததை மறக்க வேண்டாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய கட்சிகள் ஒரேயடியாக நசுங்கிப் போகாமல் காப்பது விகிதாசார முறை. அதைக் கொண்டுவந்தது ஜே.ஆரின் 1978 அரசியலமைப்பு. அந்த முறையிலும் ஒரே ஒரு ஆசனம்தான் என்றால், வாக்கும் அவ்வளவுதான் என்று பொருள்.

"ஆனால் நெருக்கடி வந்தபோது யாரைக் கூப்பிட்டார்கள்?" என்று கேட்பீர்கள். தெரியும். உண்மைதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மே 9 பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார், 12ஆம் தேதி ரணில் பிரதமரானார். ஜூலையில் அவர் தம்பி, ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டே ஓடினார், 20ஆம் தேதி பாராளுமன்றத்தில் 134 வாக்கோடு ரணில் ஜனாதிபதி. ஒரே ஒரு ஆசனம் வைத்திருந்த கட்சியின் தலைவர் நாட்டின் தலைவரானார் என்பது உலகத்திலேயே அபூர்வம். ஆனால் அந்த 134 யாருடைய கை? பெரும்பாலும் ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சிக்காரர்களுடையது. நெருக்கடி ரணிலுக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. யானைக்கு ஒரு கிளைச் சங்கத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வந்தது, வரிசை குறைந்தது. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். கடன் கிடைத்தது. அந்த வேலையை யார் செய்தார் என்றால் ரணில்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதம் ஏறி, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம் ஏறியதும், 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதும் அவர் கையெழுத்தில்தான். வீட்டைத் திருத்துகிறவனைப் பார்த்து நன்றி சொல்கிறவர்கள் குறைவு, பில்லைப் பார்க்கிறவர்கள் அதிகம். போதாததற்கு, வீட்டை எரித்தவர்களோடு உட்கார்ந்து திருத்தினார். ராஜபக்சக்களைக் காப்பாற்றுகிறார் என்ற பேச்சு கடைசி வரைக்கும் அவரை விடவில்லை. அதில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்கு இதைவிடப் பெரிய தவறாகத் தெரிவது வேறொன்று. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், கட்சிக்கு அதனால் என்ன நட்டம் என்று பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலில்தான் ஒரு கட்சிக்குத் தன் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், எந்த வட்டாரத்தில் ஆளே இல்லை என்று தெரியும். புது முகங்களும் அங்கேதான் வளரும். தோற்றுப்போன கட்சிக்கு அது ஒரு மருத்துவச் சோதனை மாதிரி. ரிப்போர்ட் மோசமாக வரும் என்று பயந்து சோதனையையே தள்ளிப் போட்டார்கள்.

அப்புறம் சின்னம். இதை நீங்கள் யோசித்திருக்கிறீர்களோ தெரியவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் யானைச் சின்னம் கடைசியாக வந்தது 2005இல். 2010இல் சரத் பொன்சேகாவுக்கு அன்னம், 2015இல் மைத்திரிக்கு அன்னம், 2019இல் சஜித்துக்கும் அன்னம். 2024இல் ரணில் சுயேச்சையாக நின்று எடுத்தது காஸ் சிலிண்டர். இரண்டே வருடத்துக்கு முன் சனம் எதற்காக வீதியில் வரிசையாக நின்றதோ, அதே சிலிண்டர்! யார் அந்த யோசனையைச் சொன்னார்களோ. இன்றைக்கு முப்பத்தைந்து வயதான ஒரு பெண் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் யானையைக் கண்டதே இல்லை. கேட்டால் அப்பாவின் கட்சி என்பாள், அல்லது தாத்தாவின் கட்சி என்பாள்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தல் கணக்கு உங்களுக்கு மனப்பாடம், சதவீதத்தில்: அநுர 42.31, சஜித் 32.76, ரணில் 17.27. இங்கேதான் உங்கள் வாதம் சரிந்து விழுகிறது. நெருக்கடியில் சனம் ஆட்சியில் இருந்தவர்களை விட்டு ஓடியது உண்மை. ஓடி எங்கே போனது? அனுபவம் உள்ள பழைய கட்சிக்குப் போகவில்லை. 2020இல் 3.84 சதவீதம் எடுத்து, மூன்று ஆசனத்தோடு மூலையில் இருந்த அநுரவின் தேசிய மக்கள் சக்தியிடம் போனது. 2020இல் அவர்களுக்கும் யானைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே தோற்ற கட்சிதான். பொருளாதாரத்துக்கு அவர்களிடம் பெரிய மருந்து இருந்தது என்று நான் நம்பவில்லை. வந்த பிறகு அதே ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தில்தானே போகிறார்கள். ஆனால் கடனை வாங்கியவர்களோடு அவர்களுடைய பெயர் ஒட்டியிருக்கவில்லை. அதோடு 2022க்குப் பிறகு ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள், பெண்களைத் தனியாகத் திரட்டினார்கள். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 159 ஆசனம்.

அந்த நவம்பரில் யானைச் சின்னத்துக்கு நாடு முழுவதும் கிடைத்த ஒரே ஆசனம் நம் நுவரெலியாவில். ஜீவன் தொண்டமானுக்கு. அது தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) வாக்கு என்பது உங்களுக்குத் தெரியாதா? 1948இல் நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த கட்சி, கடைசியில் மலையகத் தமிழன் ஒருவனின் தோளில் ஏறிப் பாராளுமன்றத்துக்குப் போகிறது. 1977இல் பெரிய தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாவில் மூன்றாவது உறுப்பினராகத் தன் கட்சியின் பெயரில் வென்று, அடுத்த வருடம் ஜே.ஆர். அமைச்சரவைக்குப் போனார். அன்றைக்கு யானையிடம் அவர் பேரம் பேசினார். இன்றைக்குப் பேரம் எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள். 1988, 2003 சட்டங்களால் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வந்தது, அந்த நன்றி உங்களுக்கு இருக்கிறது, அது எனக்கும் புரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகச் செய்தி.

உங்களுக்குப் பிடிக்காத இன்னொரு கணக்கு. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் ஆளும் கட்சி 61 சதவீதத்திலிருந்து 43க்கு இறங்கியது. சனம் அலுக்கத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு இலாபம்? நாட்டைக் கவிழ்த்த மொட்டு மூன்று சதவீதத்திலிருந்து ஒன்பதைத் தாண்டியது. யானை ஐந்தைத் தொடவில்லை. நெருப்பை அணைத்தவர்களைவிடப் பற்றவைத்தவர்கள் வேகமாக எழும்புகிறார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் விளங்காமல் இல்லை. தெற்கின் சிங்களக் கிராமத்தில் "நாங்கள் உங்கள் ஆட்கள்" என்று சொல்ல மொட்டுக்கு இன்னும் வாய் இருக்கிறது. யானை யாருடைய கட்சி என்று கேட்டால் கட்சித் தலைமையகமான சிறிகொத்தவிலேயே ஆளுக்கொரு பதில் வரும்.

2001ஐயும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பொருளாதாரம் சுருங்கிய வருடம் அது. ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் புலிகளின் தாக்குதல், டிசம்பர் தேர்தலில் ரணிலுக்கு 109 ஆசனம். அதுவும் நிற்கவில்லை, 2004 ஏப்ரலில் 82. போதும்.

இனி என்ன? கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. உலக வங்கியின் கணக்கில் 2024இல் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் வறுமையில் இருந்தார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளையே பெயர்த்துக்கொண்டு போனது. 2028இலிருந்து பெரிய கடன்களின் தவணை திரும்பத் தொடங்கும். ஆக, இந்த அரசாங்கமும் அடி வாங்கும் நாள் வரலாம். அந்த நாளில் யானைக்கு இடம் உண்டா என்றால், தனியாக இல்லை என்பதுதான் என் பதில். யானையின் வாக்கு சஜித்திடம் இருக்கிறது, யானையின் பெயரும் சிறிகொத்தக் கட்டடமும் ரணிலிடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்க்கும் பேச்சு வருவதும் முறிவதுமாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யார் தலைவர் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. தலைவர் சஜித்தாக இருக்கட்டும், 75 வயதைத் தாண்டியவர் ஒதுங்கட்டும். உங்களுக்குச் சஜித்தைப் பிடிக்காது என்று தெரியும். அவருடைய அப்பா, பழைய ஜனாதிபதி பிரேமதாச கட்டிய வீடுகளைப் பற்றி இவ்வளவு பேசும் நீங்கள் மகனுக்கு ஒரு தடவை காது கொடுத்தால் என்ன? எனக்கும் அவருடைய மேடைப் பேச்சு தாங்காது. ஆனால் 2024 செப்டம்பரில் நுவரெலியா மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர் அவர்தான்.

சேர்ந்தாலும் அது பாதி வேலைதான். தோட்டத்து லயத்தில் இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கட்சி என்ன சொல்லப்போகிறது? தோட்டத்து நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று 2024 மே தினத்தில் அறிவித்துவிட்டு, கம்பனிகள் நீதிமன்றம் போனதும் 1350இல் முடிந்தது. காணி உறுதியும் பேச்சாகவே நிற்கிறது. "நாங்கள் இருந்தால் டொலர் நிலையாக இருக்கும்" என்பது பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில் எடுபடலாம். மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையில் படுத்தவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா?

மத்திய மாகாணத்தில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013இல். அடுத்தது என்றைக்கோ ஒருநாள் வரும். அதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழைய கிளைச் சங்கத்துக் கொப்பியை எடுங்கள். அட்டன் பக்கத்து வாக்களிப்பு நிலையங்களை ஒவ்வொன்றாக எழுதி, யானைக்காகக் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் முகவராக உட்காரக்கூடிய ஆளின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். இ.தொ.கா. ஆட்களைச் சேர்க்க வேண்டாம், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களையும் சேர்க்க வேண்டாம். சித்திரைக்கு வருகிறேன், அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மிச்சச் சண்டையைப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்