மொட்டைக் கடுதாசியும் துணிச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"ஊழியர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டால் அலுவலக முறைகேடுகளில் பாதி ஒழிந்துவிடும்" என்று, முறைகேடுகளைப் புகார் செய்வது பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை முடிகிறது. உள்விசாரணைப் பணியில் இருக்கிற எவருக்கும் இந்த வரி நெஞ்சில் தைக்கும். அமெரிக்க விண்வெளி ஓடங்களின் ராக்கெட் மூட்டுகளிலுள்ள ரப்பர் வளையங்கள் பழுதானால் உயிர்ச்சேதம் நேரும் என்று 1985 ஜூலையிலேயே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி. 1986 ஜனவரியில், சேலஞ்சர் ஓடத்தை ஏவுவதற்கு முந்தைய இரவும் வேண்டாம் என்று வாதாடினார். மறுநாள் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அவரிடம் துணிச்சல் குறைந்தா அது நடந்தது? சொன்னதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை. இது தங்களுக்குத் தெரியாத செய்தியல்ல. ஆனாலும் பாரத்தைக் கீழே இருப்பவர் தலையில்தான் வைத்தீர்கள்.

புகார் கொடுத்தவர் யாரென்று எப்படி வெளியே தெரிகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே சொல்வதில்லை. புகார் மின்னஞ்சலை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார்கள். அடியில் அனுப்பியவர் பெயர் இருக்கும். வேர்ட் கோப்பின் உள்விவரத்தில் தட்டச்சு செய்தவரின் கணினிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த தேதியை விசாரிப்பவர் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார். ஒப்பந்ததாரர் ஒருவரைப் பற்றிய புகாரில் ஒரே ஒரு பில்லை வரவழைத்தால் போதும், அதைக் கையாண்டவர் யாரென்று மேலாளருக்குப் புரிந்துவிடும். அந்த ஒப்பந்ததாரரின் ஆறு மாத பில்களையும், கூடவே வேறு இரண்டு பேருடைய பில்களையும் வழக்கமான தணிக்கைபோலக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னதாகக் கேமரா பதிவுகளையும் மின்னஞ்சல்களையும் நகலெடுத்து வைக்க வேண்டும். பல கேமராக்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். புகாரை ஒரு மாதம் மேஜையில் கிடத்திவிட்டுப் பிறகு தேடினால் ஆதாரம் எங்கிருந்து வரும்? நான் பார்த்தவரை, "நிரூபிக்கப்படவில்லை" என்று மூடப்பட்ட கோப்புகளில் பலவற்றின் கதை இதுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெயரில்லாப் புகார்களைத் தங்கள் இதழ் எப்போதும் 'மொட்டைக் கடுதாசி' என்றே எழுதுகிறது. கொடுப்பவர் 'போட்டுக்கொடுப்பவர்' ஆகிவிடுகிறார். மோசடி ஆய்வாளர்களின் உலகளாவிய சங்கமான ஏ.சி.எஃப்.இ.யின் 2024 அறிக்கைப்படி, ஆய்வுக்கு வந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் தகவல் சொன்னதால்தான் வெளிப்பட்டது. அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். உள்தணிக்கை கண்டுபிடித்தது இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெயர் இல்லை என்பதற்காகக் கிழித்துப் போட வேண்டியதும் இல்லை. இணையவழியில் புகார் தருபவருக்கு ஒரு புகார் எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தால், பெயர் தெரியாதவரிடமே திரும்பக் கேள்வி கேட்கலாம். எந்தத் தேதி, எந்தக் கோப்பு, வேறு யார் பார்த்தார்கள் என்ற மூன்றுக்கும் பதில் வந்தால் விசாரணையைத் தொடங்கப் பெரும்பாலும் அதுவே போதும்.

பழிவாங்கல் பற்றிய பத்தியில் வேலைநீக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு வெளிப்படையாகச் செய்பவர்கள் குறைவு. ஷிஃப்ட் மாறும், ஓவர்டைம் நிற்கும், கூட்டத்துக்கு அழைப்பு வராது, ஆண்டு மதிப்பீட்டில் ஒரு படி இறங்கும். புகார் வந்த அன்றே அதைக் கொடுத்தவருடைய மதிப்பெண், ஷிஃப்ட், விடுப்புக் கணக்கு எல்லாவற்றையும் குறித்து வைத்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, புகார் கிடைத்ததற்கு 7 நாளில் ஒப்புகையும், அதன்மேல் என்ன செய்தார்கள் என்று 3 மாதத்துக்குள் பதிலும் தரச் சொல்கிறது. அந்த நெறிமுறைப்படி, புகார் கொடுத்தவருக்குப் பின்னால் பாதிப்பு நேர்ந்தால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. புகாரே மனிதவளத் தலைவர் மீது என்றால் யாரிடம் போவது என்ற கேள்விக்கும் கட்டுரையில் பதில் இல்லை. இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்கு நேராகப் போகிற தனி வழி வேண்டும்.

நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக அந்த 7 நாள், 3 மாதக் கெடுவைப் போடுங்கள். 'போட்டுக்கொடுப்பவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'புகார்தாரர்' என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உள்விசாரணைப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்