அரண்மனைக்காரன் தெருவிலிருந்து யெரெவானுக்கு

ஆர்மீனியக் குடியரசின் பொருளாதார அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794இல் உங்கள் ஆட்கள் எங்கள் சென்னையில்தான் அச்சடித்தார்கள். அன்றைக்கு இந்த ஊர்க்காரர் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரிந்தது? கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பாரிமுனையில் உங்கள் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஆர்மீனியன் என்ற சொல் எங்கள் வாயில் நுழையாமல் அது அரண்மனைக்காரன் தெரு ஆகிப்போனது. அதற்குப் பக்கத்துச் சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு அலுவலகம், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் வேலை. ஆர்மீனியாவுக்குச் சரக்கு அனுப்பலாமா என்று விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள்: 18 கோடி பேர் கொண்ட சந்தை. நாட்டில் இருப்பது 30 லட்சம் பேர்தான். ஆனால் 2015இல் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததால் ரஷ்யா, கஸாக்ஸ்தான், பெலாரஸ், கிர்கிஸ்தான் எல்லாவற்றுக்கும் உங்கள் தலைநகர் யெரெவானிலிருந்து சுங்கம் கட்டாமல் சரக்கு போகலாம் என்கிறார்கள். அந்த எண்ணைக் கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த நான்கு நாடுகளில் ஒன்றுகூட உங்களுக்கு எல்லை தொட்ட நாடு இல்லை. துருக்கி 1993இல் எல்லையை மூடியது. அஜர்பைஜான் பக்கமும் அதே காலத்தில் அடைபட்டது. மிச்சம் ஜார்ஜியாவும் ஈரானும். ரஷ்யாவுக்குப் போகும் லாரி ஜார்ஜியாவுக்குள் புகுந்து, காகசஸ் மலையேறி, ரஷ்ய எல்லையிலுள்ள மேல் லார்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் பாதை மூடப்படும். 2014இல் மண்சரிவே அந்தப் பள்ளத்தாக்கை அடைத்துவிட்டது.

இதெல்லாம் எனக்குப் பட்டுத்தான் தெரியும். ஆம்பூர் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கன்டெய்னர் தோல் பூட்ஸ் அனுப்பினார். யெரெவானில் இறக்கிப் பாதியை அங்கேயே விற்று, மீதியை ரஷ்யாவுக்குத் தள்ளுவது திட்டம். செங்கடலில் பிரச்சினை என்று கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் இறங்கி யெரெவான் சேர்ந்தபோது நவம்பர் முடிந்திருந்தது. ரஷ்யாவில் 2020 முதல் ஒவ்வொரு ஜோடி செருப்புப் பெட்டியிலும் டிஜிட்டல் குறியீடு ஒட்டியாக வேண்டும். அதை எங்களுக்கு அங்கே இருந்த ஏஜென்ட் கடைசி நேரத்தில்தான் சொன்னார். ஒட்டி முடித்து லாரி கிளம்பினால் லார்ஸில் பாதை மூடல். பனிக்காலத்துக்கு விற்கப் போன பூட்ஸ் பனியிலேயே மாட்டிக்கொண்டது. மனிதர் சிரிக்கவும் முடியாமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு எண்ணும் ஆட்களை மயக்குகிறது. 2021இல் உங்கள் ஏற்றுமதி சுமார் 300 கோடி டாலர், 2024இல் சுமார் 1,300 கோடி. ஆஹா என்று வருகிறார்கள். அதில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்து உங்கள் வழியாகக் கைமாறிப்போன தங்கம் என்பதை யாரும் சொல்வதில்லை. பூட்ஸ் விற்கிறவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

உண்மையில் உங்களிடம் நன்றாக ஓடுவது லாரி ஏறத் தேவையில்லாத சரக்கு. படங்களைத் திருத்தும் பிக்ஸார்ட் செயலி உங்கள் ஊரில் பிறந்தது. அதற்கு லார்ஸும் வேண்டாம், போத்தியும் வேண்டாம். எங்கள் ஊர் மென்பொருள் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைப் பேசுங்கள், நியாயம். சரக்கு வியாபாரிகளிடம் 18 கோடியைச் சொல்லாமல், யெரெவான் என்ற ஒரே ஊரில் 10 லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சிறிய வியாபாரிக்கு அதுவே பெரிய சந்தை.

அப்புறம் தெற்குப் பாதை. இந்தத் தெருவுக்கு வந்த உங்கள் வணிகர்கள் ஈரானில் இஸ்ஃபஹான் பக்கத்திலிருந்த புதிய ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் தன் காசைப் போட்டுச் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். உங்கள் தெற்கு எல்லை ஊரான மேக்ரி வழியாக ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போகும் சாலை இன்றைக்கும் எங்களுக்குக் கிட்டத்து வழிதான். ஆனால் மேக்ரிக்குப் போகும் வழியிலுள்ள கோரிஸ்–கபான் சாலையின் சில பகுதிகள் 2020 போருக்குப்பின் அஜர்பைஜான் வசம் போனதால் லாரிகள் தாத்தெவ் மலைப்பாதையில் சுற்றுகின்றன. ஈரானில் போர்ச் செய்தி வந்தால் இன்சூரன்ஸ்காரர் போனையே எடுப்பதில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. லார்ஸில் இன்று எத்தனை நாள் வரிசை, மேக்ரி சாலை எப்படி இருக்கிறது, எந்தச் சரக்குக்கு என்ன குறியீடு, இதையெல்லாம் ஆங்கிலத்தில் தினமும் வெளியிடுங்கள். வியட்நாம் 2016 முதலும், ஈரான் 2025 மே முதலும் உங்கள் ஒன்றியத்துடன் சுதந்திர வர்த்தகம் செய்கின்றன. இந்தியாவுடன் 2025 ஆகஸ்டில்தான் பேச்சுவார்த்தைக்கான வரையறையில் கையெழுத்தானது. அந்த மேசையில் எங்களுக்காகவும் நாலு வார்த்தை பேசுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சிக்கு 2025இல் சட்டமே போட்டிருக்கிறீர்கள். இரண்டு ஒன்றியத்திலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்கிறது ரஷ்யா. எந்தப் பக்கம் போனாலும், கிடங்கு வாடகைக்கு எடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆம்பூர்க்காரர் மறுபடி கேட்டிருக்கிறார், இந்தத் தடவை யெரெவானுக்கு மட்டும். செப்டம்பரில் ஏற்றலாமா, ஜூலையிலேயே ஏற்றிவிட வேண்டுமா? பதில் வந்ததும் அவருக்குப் போன் செய்கிறேன்.

இப்படிக்கு,
கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்,
பாரிமுனை, சென்னை