மூன்றாவதாக நீந்துகிறவன்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள மணியம்,

நலம். உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, செய்தித்தாளை மறுபடியும் கண்ணாடி மாற்றாமல் படிக்க முடிகிறது என்று நீ எழுதியிருந்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் பேரன் தினேஷைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாநிலப் பள்ளி அணியில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எம்.எஸ்.எஸ்.எம். எனும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போகிறான். ஆனால் தனிநபர் நூறு மீட்டர் ஃபிரீஸ்டைலுக்கு அவனைத் தேர்வு செய்யவில்லை. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நூறு மீட்டர் நீந்தும் 4x100 மீட்டர் அஞ்சல் நீச்சலில் மட்டும், அதிலும் மூன்றாவதாக நீந்துவதற்கு எடுத்திருக்கிறார்கள். பையனுக்கு முகம் வாடிவிட்டது. அவன் அப்பனுக்கோ அதைவிட மோசம். விடியுமுன் எழுந்து செம்பனைக் காட்டைக் கடந்து ஈப்போ வரை காரோட்டிக் கொண்டுபோய் விட்டதற்கெல்லாம் இதுதானா பலன், தனியாக வெல்ல முடியாதவனுக்கு நாலு பேரோடு ஒட்டுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுத வேண்டியவன் இதோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்கிறான் முருகேசன். படிப்பைப் பற்றிய அவன் கவலையை நான் குறை சொல்லவில்லை. அஞ்சல் நீச்சல் என்பது இரண்டாந்தரம் என்று அவன் நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் அத்தனை ஆண்டுகள் அஞ்சல் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவன் நீ. ஆகவே நான் நினைப்பதை உன்னிடம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜேசன் லீசாக் என்ற அமெரிக்கரின் நீச்சல் வாழ்க்கையை நான் அண்மையில் சற்று ஆழமாகப் படித்தேன். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் எட்டுத் தங்கம் வென்றது ஊரறிந்த செய்தி. அந்த எட்டில் ஒன்று ஏறக்குறைய கைநழுவிப் போயிருந்தது என்பதும், அதைக் காப்பாற்றியவர் முப்பத்திரண்டு வயதான இந்த லீசாக் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய கதை பெய்ஜிங்கில் தொடங்கவில்லை. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 4x100 ஃபிரீஸ்டைல் அஞ்சல் நீச்சல் 1964 முதல் எப்போதெல்லாம் நடந்ததோ அப்போதெல்லாம் அமெரிக்காதான் வென்றது. அந்தத் தொடர் வெற்றி 2000இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவிடம் முறிந்தது. தோற்ற அந்த அணியில் லீசாக் இருந்தார், மூன்றாவதாக நீந்தினார். 2004இல் ஏதென்ஸில் கடைசி ஆளாக இறங்கினார். நெதர்லாந்தின் வான் டென் ஹூகன்பாண்ட் அவரைக் கடந்து போய்விட, அமெரிக்கா மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. தங்கம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதே ஏதென்ஸில் தனிநபர் நூறு மீட்டரில் அவர் முதல் சுற்றையே தாண்டவில்லை. வேறொருவராக இருந்தால் அத்தோடு கரையேறியிருப்பார். இவர் நீந்திக்கொண்டே இருந்தார். பெய்ஜிங்குக்கு முந்தைய காலத்தில் நிரந்தரப் பயிற்றுநர்கூட இல்லாமல், தனக்கான பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டு தயாரானார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது.

2008 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை காலை. பெய்ஜிங்குக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் இங்கே பலர் வேலையிலும் பள்ளியிலும் இருந்திருப்பார்கள். அந்தப் போட்டியின் கணக்கை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஃபெல்ப்ஸ் 47.51 வினாடி, கேரட் வெபர்-கேல் 47.02 வினாடி. இருநூறு மீட்டர் முடிவில் அமெரிக்கா பிரான்ஸைவிட 0.43 வினாடி முன்னால் இருந்தது. மூன்றாவதாக இறங்கிய கல்லன் ஜோன்ஸ் 47.65 வினாடியில் நீந்தினார். அது மோசமான நேரமே அல்ல. ஆனால் பக்கத்துத் தடத்தில் பிரான்ஸின் பூஸ்கே 46.63 வினாடியில் முடித்துவிட்டார். ஆக, கடைசி ஆள் குதிக்கும்போது அமெரிக்கா 0.59 வினாடி பின்தங்கிவிட்டது. பிரான்ஸின் கடைசி ஆளோ அலென் பெர்னார், உலகச் சாதனையாளராகப் போட்டிக்கு வந்தவர். முதல் ஐம்பது மீட்டரில் அவர் அந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கினார். சுவரில் திரும்பும்போது எட்டிப் பிடிக்க முடியாது என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது என்று லீசாக்கே பின்னர் கூறியிருக்கிறார். திரும்பிய பிறகு அவர் பெர்னாரின் பக்கமுள்ள கயிற்றை ஒட்டியே நீந்தினார். பெரிய லோரிக்குப் பின்னால் சைக்கிள் மிதிப்பவனுக்குக் காற்றின் எதிர்ப்புக் குறைவதைப்போல, முன்னால் போகிறவர் எழுப்பும் அலையின் ஓரத்தில் நீந்துகிறவருக்குத் தண்ணீரின் இழுவை சற்றுக் குறைகிறது. பெர்னார் அவ்வளவு பக்கத்தில் நீந்தாமல் தடத்தின் மறுபுறம் ஒதுங்கியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32. வித்தியாசம் 0.08 வினாடி. அந்த ஆண்டு வந்த புதுவகை நீச்சல் உடைகள் எல்லோருடைய நேரத்தையும் குறைத்தன, 2010இல் அவை தடை செய்யப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த உடை எதிரணியும் அணிந்திருந்ததுதானே.

முருகேசனுக்கு நான் விளக்க விரும்புவது இதற்கு அடுத்த பகுதி. லீசாக் தன் நூறு மீட்டரை 46.06 வினாடியில் நீந்தினார். அதுவரை எவரும் அஞ்சல் நீச்சலில் அவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. இருந்தும் அந்த நேரம் தனிநபர் சாதனைப் பட்டியலில் ஏறாது. அஞ்சல் நீச்சலில் முதல் ஆள் மட்டும்தான் ஒலி கேட்டபின் குதிக்கிறார். மற்ற மூவரும், முன்னவர் சுவரைத் தொடும் கணத்தில் கால் மேடையைவிட்டுப் பிரியும்படி, உடம்பை முன்கூட்டியே வீசத் தொடங்கிவிடலாம். அதில் அரை வினாடிக்கு மேல் லாபம் உண்டு. ஆகவே முதல் ஆளின் நேரத்தை மட்டும்தான் தனிநபர் நேரமாக ஏற்கிறார்கள். அதே போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு முதலில் நீந்திய ஈமன் சல்லிவன் 47.24 வினாடியில் முடித்தார். அது உலகச் சாதனையாகப் பதிவானது, அவருடைய அணிக்குக் கிடைத்தது வெண்கலம். லீசாக்கின் 46.06 பதிவாகவில்லை, அவருடைய அணிக்குத் தங்கம். சில நாட்களில் நடந்த தனிநபர் நூறு மீட்டரில் பெர்னார் தங்கம் வென்றார், லீசாக் 47.67 வினாடியில் பிரேசிலின் செசார் சியெலோவோடு வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார். மேடையிலிருந்து முன்கூட்டியே வீசிக் குதிக்கும் லாபத்தைக் கழித்த பிறகும், மூன்று பேருக்காக நீந்தியபோது அவரிடமிருந்து வெளிப்பட்ட வேகம், தனக்காக நீந்தியபோது வெளிப்படவில்லை. தனிநபர் நேரத்தை மட்டும் வைத்து ஒருவனை எடைபோடுவது சரியல்ல என்று நான் நம்புவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக நீந்திய கல்லன் ஜோன்ஸைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து வயதில் நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்றில் மூழ்கிச் சாகவிருந்து தப்பியவர் அவர். அதன் பிறகுதான் அவர் தாயார் அவரை நீச்சல் பயிற்சியில் சேர்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் தெரியாமல் மூழ்கி இறப்பதைத் தடுக்க நாடு முழுதும் சென்று பேசியவர். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் குளிக்கப் போய்த் திரும்பாத தோட்டத்துப் பிள்ளைகளை நினைத்தால், அந்த மனிதர் எனக்கு நம் ஆளாகவே தோன்றுகிறார். பெய்ஜிங்கில் அவருடைய நூறு மீட்டரில்தான் அமெரிக்கா பின்தங்கியது என்பது உண்மை. ஆனால் அவர் இன்னும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக நீந்தியிருந்தாலும் லீசாக்கின் நீச்சலால் பயன் இருந்திருக்காது. நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் அவர் தனிநபர் ஐம்பது மீட்டரில் வெள்ளி வென்றார். அதே லண்டனில் லீசாக், முப்பத்தாறு வயதில், அஞ்சல் நீச்சலின் தகுதிச் சுற்றில் மட்டும் நீந்தினார்; இறுதிச் சுற்றில் மற்றவர்கள் நீந்தினார்கள். இந்த முறை பிரான்ஸ் அமெரிக்காவைக் கடைசிக் கட்டத்தில் முந்தித் தங்கம் வென்றது. நான்கு ஒலிம்பிக்குகளில் அவர் பெற்ற எட்டுப் பதக்கங்களில் ஏழு அஞ்சல் நீச்சலில் வந்தவை.

தினேஷின் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். குதிக்கும் நேரத்தைப் பிடிப்பதற்காகவே பயிற்றுநர் நெடுநேரம் செலவிட்டார். மேடையில் நிற்பவன் வருகிறவனின் தலையையும் கடைசிக் கைவீச்சையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்; வருகிறவன் கடைசி மீட்டர்களில் மூச்செடுக்கத் தலை தூக்காமல், சறுக்கிக்கொண்டு வராமல், கையை நீட்டிச் சுவரை அடிக்க வேண்டும். அளவுக்கு மீறி அவசரப்பட்டுக் கால் பிரிந்தால் நான்கு பேரின் உழைப்பும் போய், அணியையே நீக்கிவிடுவார்கள். தயங்கினால் கால் வினாடி போய்விடும். மூன்றாவது ஆள் இந்த மாற்றத்தில் இரண்டு முறை பங்கெடுக்கிறான், ஒருமுறை குதிப்பவனாகவும் மறுமுறை வந்து தொடுபவனாகவும். வேகத்தில் தினேஷ் அணியில் மூன்றாமவன்தான். ஆனால் அவன் கால் ஒருமுறைகூட முந்திப் பிரிந்து நான் பார்க்கவில்லை. பயிற்றுநர் அவனை அந்த இடத்தில் நிறுத்தியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் எனக்கு உன் உதவி வேண்டும். நான் சொன்னால் தாத்தாவின் செல்லம் என்று முருகேசன் தள்ளிவிடுகிறான். உன்னிடம் ஓடிப் பழகியவன் அவன்; மணியம் மாமா சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டான். பள்ளி விடுமுறையில் நீ மகள் வீட்டுக்கு வரும்போது இரண்டு நாள் இங்கே தங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உன் துணைவியாரையும் அழைத்து வா. அதற்குமுன் ஒன்றை மட்டும் எழுது: நீ ஓட்டக்காரர்களை வரிசைப்படுத்தும்போது மூன்றாவது இடத்துக்கு யாரை, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாய்? முருகேசனை நீ எந்த இடத்தில் ஓட வைத்தாய் என்பது எனக்கு நினைவில்லை, அவனும் சொல்ல மறுக்கிறான்.

அன்புடன்,
இராமையா