இன்ஜின் சூடாவதன் காரணத்தைப் பார்க்காமலே பாகங்களை மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
(பெயர், வண்டி எண் இணைத்துள்ள ஜாப் கார்டில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: தேவையில்லாமல் செய்த வேலைகளுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

உங்கள் கம்பெனியின் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். வாரன்டி முடிந்துவிட்டது. இந்தக் கோடையில் இன்ஜின் அவ்வப்போது சூடாக ஆரம்பித்தது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஏசி போட்டு நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். அதே நேரத்தில் ஏசியும் குளிர்ச்சி குறைந்து வெறும் காற்றாக வரும். வண்டி வேகம் பிடித்ததும் இரண்டும் சரியாகிவிடும். அவிநாசி தாண்டி பைபாஸில் 90இல் போனாலும் முள் பாதியைத் தாண்டாது. சில நாள் அதே சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் உங்கள் சர்வீஸ் சென்டரில் விவரமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் ‘ஓவர்ஹீட்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். முதலில் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றினார்கள். பிரச்சினை திரும்ப வந்தது. அப்புறம் வாட்டர் பம்ப். ஏசி குளிரவில்லை என்றதற்கு, அதைத் தனிக் குறையாக எடுத்துக்கொண்டு கேஸ் நிரப்பித் தனி பில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் காலை வேளையில் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “டெஸ்ட் டிரைவ் ஓகே சார்” என்பார்கள். காலி ரோட்டில் எனக்கும் ஓகேதான்! கடைசியாக, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கேஸ்கெட் போனதற்கான அறிகுறி எதுவும் இல்லை: கூலன்ட் குறையவில்லை, ரிசர்வ் டேங்கில் குமிழி இல்லை, சைலன்ஸரில் வெள்ளைப்புகை இல்லை. எதை வைத்து கேஸ்கெட் என்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

வண்டியைக் கணபதியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முள் ஏறியபோது ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் நின்றது. கனெக்டரில் டெஸ்ட் லைட் வைத்தார். கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரின் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டியதும் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய், ஒரு நேரம் தொட்டும் ஒரு நேரம் தொடாமலும் இருந்திருக்கிறது. மோட்டார் மாற்றியபின் எந்தத் தொல்லையும் இல்லை; ஏசியும் சிக்னலில் ஜில்லென்று வருகிறது.

ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கும்போதுதான் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்ஸருக்கும் ஃபேன் வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்காமல் மூடியபடியே சிக்கியிருந்தால் பைபாஸிலும் சூடாகியிருக்குமே. ஸ்கேனரில் எரர் கோடு இல்லை என்று உங்கள் அட்வைசர் காட்டினார். இந்த வண்டியில் ஃபேன் ரிலே (கம்ப்யூட்டர் இயக்கும் ஸ்விட்ச்) வழியாக ஓடுகிறது. ரிலேவுக்குப் போகும் சர்க்யூட் சரியாக இருந்தால் கோடு வராது. மோட்டார் சுற்றியதா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மாற்றிய பழைய தெர்மோஸ்டாட்டைக் கேட்டேன். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் திறக்கிறதா இல்லையா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். “ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு” என்றார்கள். என்னைக் கேட்காமல் எப்படிப் போனது?

தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஏசி கேஸ் மூன்றுக்கும் வாங்கிய தொகையை, லேபர் சார்ஜ் உட்பட, முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். கேஸ்கெட் போயிருக்கும் என்று எந்தச் சோதனையை வைத்து எஸ்டிமேட் போட்டார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டுகள், பில்கள், கேஸ்கெட் எஸ்டிமேட், ஃபேன் நின்றபோது எடுத்த வீடியோ. பழைய ஃபேன் மோட்டார் என்னிடமே இருக்கிறது. உங்கள் இன்ஜினியர் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.