துணியில் சுற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்

இராமநாதபுரம் கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ அறைப் பணியில் இருக்கும் செவிலியர் தங்கைகளுக்கு,

வணக்கம். 30 ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புத்தி சொல்ல வரவில்லை. என் பிழை ஒன்றைச் சொல்ல வந்தேன்.

ஐப்பசி மழை இரவு. குழந்தை வீறிட்டு அழுதது. 2.8 கிலோ. துடைத்து, சுற்றி, வெளியே தவித்து நின்ற அப்பத்தாவின் கையில் கொடுத்தேன். சற்று நேரத்தில் உதடு நீலம் பாரித்தது. துணியை அவிழ்த்தபோதுதான் கண்டேன்: நெஞ்சு புடைத்திருந்தது, வயிறு வள்ளத்தின் உட்புறம்போல் குழிந்து கிடந்தது. இதயமோ வலப்பக்கம் துடித்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தின் இடப்பக்கத் துளை வழியாகக் குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. மருத்துவ நூல்களில் அந்த வயிற்றுக்குப் பெயரே 'படகு வயிறு'. படகுகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை.

இப்படிப்பட்ட குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்றை அழுத்தக் கூடாது. குடல் உப்பி நுரையீரலை இன்னும் நசுக்கும். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தவும், இரைப்பையில் குழாய் விட்டுக் காற்றை இறக்கவும் டாக்டர் உடனே வர வேண்டும். இராமேஸ்வரத்திலிருந்து பெரிய மருத்துவமனை இருக்கும் மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து ஆம்புலன்ஸ் ஏறுவது வேறு, தெரியாமல் ஏறுவது வேறு. ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்; தப்பிப் போவதும் உண்டு.

நெஞ்சில் தெரியும் மாற்றங்கள் எல்லாமே உயிருக்கு ஆபத்தானவை அல்ல. ஒரு பக்க மார்புத் தசை இல்லாமல் தட்டையாக, காம்பு சிறுத்திருந்தால் அதே பக்கக் கை விரல்களைப் பாருங்கள், ஒட்டியிருக்கலாம். 1841இல் போலந்து என்ற ஆங்கிலேயர் விவரித்த குறை அது. பெரும்பாலும் தாய்க்கு ஆறுதலாக விளக்கினால் போதும். இரு பக்கமும் மார்பு சற்று வீங்கியிருப்பதோ தாயின் ஹார்மோனால் வருவது, தானே வடியும். பாட்டிமார் அதைப் பிதுக்க வருவார்கள். விடாதீர்கள், சீழ் கட்டிவிடும்.

நான் கேட்பது இதுதான். மின்விசிறியை நிறுத்தி, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் கீழ், துணியில்லாமல் ஒரு நிமிடம் பாருங்கள். நெஞ்சு இரு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா, விலா உள்ளிழுக்கிறதா, இதயம் எந்தப் பக்கம் கேட்கிறது? மூச்சை முழு நிமிடமும் எண்ணுங்கள். பச்சிளம் மூச்சு நின்று நின்று வரும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஏமாற்றும். 60ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

அறைக் கடிகாரத்தில் நொடிமுள் நின்றிருந்தால், யாராவது வந்து பேட்டரி மாற்றுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நான் பெட்டிக்கடையில் வாங்கித்தான் போட்டேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
பாம்பன்