தகட்டு எண்ணை வைத்து கிட்டாரின் வயதைச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்களின் ஏல விலையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பின்பக்கத் தகட்டில் உள்ள வரிசை எண்ணைப் பார்த்தாலே கிட்டார் எந்த ஆண்டு செய்தது என்று தெரிந்துவிடும் என்கிறது. அதை நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாறத்தான் செய்வார். அந்தத் தகடு நான்கு ஸ்க்ரூவில் நிற்பது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். போதாததற்கு, கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் தகடுகளை எண் வரிசைப்படி மாட்டவும் இல்லை. பெட்டியில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டினார்கள். ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண்கள் 1962 கடைசியிலிருந்து 1965 வரை புழங்கின. அதற்குள் எந்த எண் முந்தியது, எது பிந்தியது என்று கறாராகச் சொல்ல வழியில்லை.

நெக் (கழுத்துப் பகுதி), கன்ட்ரோல்கள் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள மின்பாகங்கள்), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பெயின்ட் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொன்னால்தான் அந்த ஆண்டை நம்பலாம். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தியவற்றுக்குத்தான் பெரிய விலை என்பதால், போலியும் கலப்படமும் அங்கேதான் அதிகம்.

எதையும் கழற்றாமலே சில விஷயங்கள் தெரிந்துவிடும். 1954 முதல் 1959 பாதி வரை நெக் முழுக்க ஒரே மேப்பிள் கட்டை. முதுகில் கறுத்த வால்நட் பட்டை ஓடும். அதன்பின் மேலே ரோஸ்வுட் பலகை ஒட்டினார்கள். நெக் பாடியோடு சேரும் முனையைப் பாருங்கள். ரோஸ்வுட்டும் மேப்பிளும் சேரும் கோடு நேராக, பலகை தடியாக இருந்தால் 1959 பாதிக்கும் 1962 பாதிக்கும் இடைப்பட்டது. கோடு வில்லாக வளைந்து, பலகை மெலிந்திருந்தால் அதற்குப் பிந்தியது. அந்தப் பலகையில் பதித்த புள்ளிகள் 1964 கடைசி வரை மங்கிய களிமண் நிறம்; பிறகு முத்துப்போல் மினுங்குபவை வந்தன. ‘1961’ என்று விற்கப்படும் கிட்டாரில் மினுங்கும் புள்ளி இருந்தால் அதற்குமேல் விசாரிக்கத் தேவையில்லை.

அடுத்து நெக்கைக் கழற்றுவது. கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, 2ஆம் எண் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரால் நான்கு ஸ்க்ரூவையும் எடுக்க வேண்டும். பெயின்ட் நெக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், இணைப்புக் கோட்டில் மெல்லிய பிளேடை ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்குங்கள். இல்லாவிட்டால் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து வரும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகச் சுற்றினால் ‘டக்’ என்று பழைய மரையில் விழும், அதன்பிறகு முறுக்குங்கள். அறுபது வருட மரத்தில் புது மரை வெட்டினால் துளை நாசம்.

நெக்கின் அடியில் தேதி இருக்கும். 1962 வசந்த காலம் வரை பென்சிலில் மாதமும் ஆண்டும். அதன்பின் ரப்பர் முத்திரை. முத்திரையில் ‘2 நவ 63 பி’ என்ற பாணியில் இருப்பதைப் பலர் நவம்பர் 2ஆம் தேதி என்று வாசிக்கிறார்கள். அந்த 2 தேதி அல்ல, ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக் என்பதற்கான குறி. ‘பி’ என்பது நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) இருக்கும் இடத்தின் அகலம், 1 5/8 அங்குலம். இந்த மாதமும் நெக் உருவான மாதம்தான். கிட்டார் முழுதாகி வெளியே போனது அதற்குப் பின்னால்.

பிக்கார்ட், அதாவது பாடியின் முன்பக்கம் பிக்கப்பையும் கன்ட்ரோல்களையும் தாங்கும் தகடு, 1959 பாதி வரை ஒற்றை அடுக்கு, எட்டு ஸ்க்ரூ. பிறகு மூன்றடுக்கு, பதினொரு ஸ்க்ரூ. இந்த மூன்றடுக்கு, 1964 வரை செல்லுலாய்டு. வயதானால் வெளிர்பச்சை ஏறும், சுருங்கும், ஸ்க்ரூ துளையருகே விரியும். விரலால் அழுத்தித் தேய்த்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். வேறு பிளாஸ்டிக்கில் செய்த நகலில் வராது. 1965 முதல் வினைல் வந்தது. அது வெள்ளையாகவே இருக்கும்.

பிக்கார்டைத் திருப்பும்போது இழுக்காதீர்கள். ஜாக்குக்கு (கேபிள் செருகும் துளை) இரண்டு வயர், பின்பக்க ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் தகட்டுக்கு ஒன்று ஓடும். கன்ட்ரோல்களின் பக்கவாட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 3046318 என்றால் 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 63 ஆண்டு, 18 வாரம். 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. கன்ட்ரோலின் தேதி நெக்கின் தேதிக்குச் சில மாதம் முந்தியிருப்பது சகஜம், பிந்தியிருந்தால் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் 1966இல் ஏராளமாக வாங்கிய கன்ட்ரோல்களை ஃபெண்டர் அடுத்த சில ஆண்டுகள் வரை போட்டுத் தீர்த்தது. ஆகவே 1966 தேதியைக் கண்டதும் கிட்டாரே 1966 என்று துள்ள வேண்டாம். ஈயப் பற்றையும் கவனியுங்கள்: பழையது மங்கி சாம்பல் பூத்திருக்கும், பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பிக்கப்பின் அடித்தகடு 1964 தொடக்கம் வரை கறுப்பு, பிறகு சாம்பல் நிறம். சுருளைச் சோதிக்க எதையும் பிரிக்க வேண்டாம். ஜாக்கில் கேபிள் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மல்டிமீட்டரை மறுமுனையில் வைத்தால் ஒவ்வொரு பிக்கப்பும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். 250 கிலோ ஓம் பக்கம் போனால் சுருள் அறுந்துவிட்டது. மீட்டர் காட்டுவது வால்யூம் கன்ட்ரோலை மட்டும்.

பெயின்ட்தான் விலையைத் தீர்மானிப்பது, ஏமாற்றுவதும் அதுவே. மறுபடி பெயின்ட் அடித்த கிட்டார் விலை பாதியாகச் சரிவது சந்தை வழக்கம். பிக்கார்டுக்கு அடியில் மரத்தில் சின்ன ஆணித் துளைகளைத் தேடுங்கள். அந்நாளில் பாடியில் ஆணி அடித்து, அதைக் கால்போல் நிற்க வைத்து பெயின்ட்டைக் காயவிட்டார்கள். காய்ந்த பிறகே ஆணியைப் பிடுங்கியதால் துளைக்குள் பெயின்ட் இருக்காது, வெறும் மரம் தெரியும். துளை நிறைய பெயின்ட் இருந்தாலோ, துளையே காணோம் என்றாலோ சந்தேகம் வலுக்கும். 1964 கடைசிக்குப் பிறகு இந்த ஆணிமுறை நின்றது. 1962 வாக்கிலிருந்து நெக் உட்காரும் குழியில் ஒரு கட்டையை ஸ்க்ரூ செய்து பிடித்து பெயின்ட் அடித்தார்கள். அந்தக் கட்டையின் வடிவில் பெயின்ட் படாத பட்டை குழியில் நிற்கும். புற ஊதா விளக்கடியில் அக்கால பெயின்ட்டான நைட்ரோ லாக்கர் மஞ்சள்பச்சையாக ஒளிரும், ஒட்டுப்போட்ட இடங்கள் கறுத்துத் தெரியும். சிவப்பு பெயின்ட்டுக்குக் கீழே சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து விளிம்பில் கறுக்கும் பூச்சு) தெரிகிறதே என்று மட்டும் அவசரப்பட வேண்டாம். முடிந்த சன்பர்ஸ்ட் பாடிமேல் ஃபெண்டரே வேறு நிறம் அடித்து அனுப்பியதும் உண்டு. பெயின்ட் எது என்று பார்க்க அசிட்டோனைத் தேய்ப்பது மட்டும் கூடாது. நைட்ரோ கரைந்துவிடும், சோதனைக்கு உட்பட்ட பொருளே போய்விடும்.

வெளிநாட்டில் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. அக்கால ரோஸ்வுட் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. மரம் அதற்கு முந்தியது என்ற சான்றிதழை அனுப்பும் நாட்டிலேயே வாங்கியிருக்க வேண்டும். சுங்கத்தில் வந்து நின்றபிறகு அந்தத் தாளைத் தேடினால் கிட்டார் கையில் கிடைக்காது.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்ப்பவர்,
சென்னை.